பாதியில் நிறுத்திய மருந்து

(நம் ஜமாஅத் நடத்திய மருத்துவ முகாமின் துவக்கத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

முகாமைத் துவக்கி வைக்க மருத்துவர்கள் இருக்கையில் ஆலிம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் இம்முகாமுக்கு நம் மஹல்லாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். "ஹஜ்ரத், நாங்கள் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய் பழைய களிம்பையே தடவுகிறார்கள். உங்களுக்கு நேர்ந்ததை நீங்களே சொல்லுங்கள்" என்றார். எனவே வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஏறக்குறைய எட்டு மாத காலம் நான் படர்தாமரையால் அவதியுற்றேன்.

இடுப்பில் கைலி கட்டும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தொடங்கியது. மருந்துக்கடையில் கேட்டேன், ஒரு களிம்பு கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது, சிவப்பும் மறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று குழாயை மூடி வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. மீண்டும் களிம்பு, மீண்டும் நிம்மதி, மீண்டும் நிறுத்தம். நான்காவது சுற்றில் அது தொடைக்கும் முதுகுக்கும் பரவியிருந்தது. வீட்டிலுள்ளவருக்கும், என் இளைய மகளுக்கும் தொற்றியிருந்தது. தொழ வைக்கும்போது ருகூஉவிலும் ஸுஜூதிலும் மனம் அரிப்பின் பக்கமே போயிற்று. பின்னால் நிற்பவர்கள் அறியமாட்டார்கள், ரப்பு அறிவான்.

இதை வெளியே சொல்ல நான் கூசினேன். நபித்தோழர்களில் சுபைர் (ரலி) அவர்களுக்கும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கும் அரிப்பு நோய் இருந்தது. அதன் காரணமாக, ஆண்களுக்கு விலக்கப்பட்ட பட்டாடையை அணிந்துகொள்ள அவ்விருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் செய்தி இது. மத்ரஸாவில் எத்தனையோ முறை ஓதிக் கொடுத்திருக்கிறேன். சுவனத்து நன்மாராயம் பெற்ற இரு பெருமக்கள் தங்கள் அரிப்பை நபியவர்களிடம் மறைக்கவில்லை என்பது, எனக்கே அரிப்பு வந்த பிறகுதான் உறைத்தது.

மருத்துவரிடம் சென்றபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அமர வைத்து ஒரு மணி நேரம் விளக்கினார். அதன் பிறகு நானும் தேடிப் படித்தேன். அதில் எனக்கு விளங்கியதை உங்கள் முன் வைக்கிறேன். பிழையிருந்தால் மேடையிலுள்ள மருத்துவர்கள் திருத்துவார்கள்.

அன்பர்களே! பூஞ்சை என்பது கெட்டுப்போன ரொட்டியிலும் ஈரச் சுவரிலும் பூப்பது மட்டுமன்று. அதன் இனங்கள் பல இலட்சம். அவற்றுள் மனிதனுக்கு நோய் தருபவை சில நூறுதான். காரணம், அவற்றில் பெரும்பாலானவை நம் உடலின் 37 டிகிரி வெப்பத்தைத் தாங்கா. இந்த உடற்சூடே ஒரு கோட்டையாக நமக்கு அருளப்பட்டிருக்கிறது. கோட்டையைக் கடந்து வந்த சிலவற்றைத்தான் நாம் அஞ்ச வேண்டியுள்ளது. 2022ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அவ்வாறான 19 பூஞ்சை வகைகளை முதன்முறையாகப் பட்டியலிட்டு வெளியிட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாக்டீரியா என்னும் நுண்ணுயிர் அமைப்பில் நம்மிலிருந்து வெகுதூரம் விலகி நிற்பது. பூஞ்சையோ, செல்லின் கட்டமைப்பில் நமக்கு மிக நெருங்கியது. நம் செல்லின் மேலுறையில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்றால், அதன் மேலுறையில் எர்கோஸ்டெரால் என்னும் அதையொத்த பொருள் இருக்கிறது. எனவே நம்மைக் காயப்படுத்தாமல் அதை மட்டும் அடிக்கும் மருந்து கிடைப்பது அரிது. பாக்டீரியாவுக்கு மருந்துகளின் வகை பல. பூஞ்சை உடலுக்குள் இறங்கிவிட்டால் கொடுப்பதற்கு முதன்மையாக மூன்று நான்கு வகைகளே உள்ளன. அவற்றுள் பழையதான ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது. கையில் இருக்கும் அம்புகள் அவ்வளவே. அவற்றை வீணடித்தால் வேறு அம்பு இல்லை.

அடுத்து, பூஞ்சை நம் உடலுக்குள் எவ்வாறு மாறுகிறது என்பது. நான் எட்டு மாதம் அவதிப்பட்ட கதைக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு செல் இரண்டாகும்போது தன்னுள் எழுதப்பட்ட குறிப்பு முழுவதையும் பிரதி எடுக்கிறது. பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழை நேரும். ரமளான் தராவீஹில் இமாம் ஓர் எழுத்து தவறினால் பின்னால் நிற்கும் ஹாஃபிழ் உடனே லுக்மா கொடுப்பார் அல்லவா? செல்லுக்குள்ளும் அவ்வாறு திருத்திக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. ஆயினும் கோடிக்கணக்கில் பெருகும்போது சில பிழைகள் தப்பிவிடுகின்றன. பெரும்பாலான பிழைகள் பூஞ்சைக்கே கேடு. அந்தச் செல் மடிந்துபோகும். எப்போதாவது ஒரு பிழை அதற்குச் சாதகமாக அமையும். மருந்து இல்லாத நேரத்தில் அந்த ஒன்று கூட்டத்தில் தொலைந்துபோகும். மருந்து இருக்கும்போது மற்றவை சாக, அது மட்டும் எஞ்சும். பிறகு அந்த இடம் முழுவதும் அதன் வாரிசுகளே. (இதைக் கேட்டவுடன் டார்வினைப் பற்றி என்னிடம் வாதிடச் சில இளைஞர்கள் தயாராவார்கள். அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். இது ஒரே மனிதரின் வாயில் கண்டறியப்பட்ட செய்தி.)

ஆம், ஒரே மனிதரின் வாயில். கேண்டிடா என்றொரு பூஞ்சை. நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் தொல்லை தராமல் குடியிருப்பது. பச்சிளங் குழந்தையின் நாக்கில் மாவு பூசியதுபோல் வெண்படலம் காண்கிறோமே, அது இதன் வேலை. உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றினால் பெரியவர்களுக்கும் வரும். 1990களில் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளி ஒருவருக்கு இப்படலம் திரும்பத் திரும்ப வந்தது. ஃப்ளுகோனசோல் என்ற மருந்து கொடுத்தார்கள். போகும், மீண்டும் வரும். மருந்தின் அளவைக் கூட்டுவார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து 17 முறை எடுத்த பூஞ்சையைப் பாதுகாத்து வைத்து, பின்னர் வரிசையாக ஆராய்ந்தார்கள். பதினேழும் ஒரே குடும்பம். வெளியிலிருந்து புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. ஆனால் கடைசியில் எடுத்ததை அடக்க, முதலில் எடுத்ததற்குத் தேவைப்பட்டதைப் போல் 200 மடங்குக்கும் மேல் மருந்து தேவைப்பட்டது.

ஒரே தாவலில் அது அந்த நிலையை எட்டவில்லை. முதலில், உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு பம்ப்பை அதிகமாக இயக்கப் பழகியது. பிறகு, மருந்து போய்ப் பற்றவேண்டிய இடத்தில் ஓர் எழுத்து மாறியது. பூட்டு மாறினால் சாவி நுழையாதல்லவா? கேண்டிடாவிடம் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒரு பிரதி மாறினால் மறு பிரதி பழையபடி இருக்கும். சில காலத்தில் மாறிய பிரதியே மற்றதன் இடத்தையும் பிடித்துக்கொண்டது. இறுதியில் இன்னொரு பம்ப்பும் சேர்ந்துகொண்டது. நோயாளியும் மருத்துவரும் பார்த்தது ஒரே வெண்படலம். உள்ளே படிப்படியாக ஓர் அரண் எழும்பிக்கொண்டிருந்தது.

2006இல் வெளியான மற்றோர் ஆய்வு இதைவிட வியப்பானது. சில கேண்டிடா பூஞ்சைகள் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுவதில்லை. ஐந்தாவது குரோமோசோமின் ஒரு பாதியையே கூடுதலாகப் பிரதியெடுத்து வைத்துக்கொள்கின்றன. மருந்து தாக்கும் பொருளைச் செய்யும் குறிப்பும், பம்ப்பை இயக்கும் குறிப்பும் அந்தப் பாதியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கிதாபில் தேவையான பாடத்தை மட்டும் இன்னொரு முறை எழுதி பைண்டு செய்து சேர்த்துக்கொள்வதைப் போல. அந்தக் கூடுதல் பகுதியை இழந்தால் அந்த எதிர்ப்பையும் இழந்துவிடுகிறது.

லுக்மா கொடுக்கும் ஹாஃபிழே இல்லாத பூஞ்சைகளும் உண்டு. கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற இனத்தில், பிழை திருத்தும் மரபணுவே பழுதுபட்ட வகைகள் நோயாளிகளின் உடலில் காணப்படுகின்றன. அவற்றில் பிழைகள் மிகுதி. எனவே மருந்தை வெல்லும் பிழையும் விரைவில் கிடைத்துவிடுகிறது. இது பெரும்பாலும் மருத்துவமனைகளில், மிக நலிந்தவர்களிடம் காணும் நோய். இதை இத்துடன் விட்டு நமக்கு நெருங்கியதைச் சொல்கிறேன்.

நம் மஹல்லாவில் காசநோய் கண்டு, ஆறு மாத மருந்தை முழுமையாக உட்கொண்டு குணமடைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு நுரையீரலில் பழைய பொந்து எஞ்சியிருக்கும். நாம் மூச்சோடு இழுக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை, நலமான நுரையீரலில் நிற்காது. அந்தப் பொந்தில் குடியேறிவிடும். ஆண்டுக்கணக்கில் வளரும். இருமலும், எடைக்குறைவும், சில வேளை இரத்தமும் வரும். "டி.பி. திரும்பிவிட்டது" என்று எண்ணிக் கலங்குவார்கள், சளியில் காசநோய்க் கிருமி இராது. இதற்குப் பல மாதங்கள் மருந்து உட்கொள்ள வேண்டும். அவ்வாறு நெடுநாள் உட்கொள்ளும்போது, அதே பொந்துக்குள்ளேயே மருந்துக்கு அடங்காத வகைகள் தோன்றுவதையும், ஒரே நோயாளியின் சளியில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் சேர்ந்து இருப்பதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு மாத்திரை பலிக்கவில்லை என்றால் சளியை மறுபடி சோதிக்கச் சொல்வது பணம் பறிப்பதற்காக அன்று. காசநோயிலிருந்து மீண்டவர்களில் இரத்தம் கலந்து துப்புபவர் எவரேனும் இங்கு இருந்தால், வெட்கப்படாமல், ஒளிக்காமல் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி என் இடுப்புக்குத் திரும்புகிறேன்.

படர்தாமரைப் பூஞ்சை நம் தோலின் மேலே உள்ள உயிரற்ற படலத்தைத் தின்று வாழ்வது. இதற்கு டெர்பினாஃபின் என்ற மருந்து நெடுங்காலம் நன்றாகவே பலித்தது. அது, நான் முன்பு சொன்ன எர்கோஸ்டெரால் உண்டாவதைத் தடுப்பது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நம் நாட்டில் அது பலருக்குப் பலிக்காமல் போயிற்று. ஆராய்ந்தபோது, அந்த மருந்து பற்றும் புரதத்தில் 397ஆம் இடத்தில் ஒரே ஒரு மாற்றம். சிலவற்றில் 393ஆம் இடத்தில். அவ்வளவுதான். 2020இல் ஜப்பானில், ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியிடமும் எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து இதைத் தனி இனமாக அறிவித்து, டிரைக்கோஃபைட்டன் இந்தோடினியே என்று பெயரிட்டார்கள். நம் நாட்டின் பெயரை ஒரு நோய்க்குச் சூட்டியதில் எனக்கு வருத்தமே. ஆனால் அந்தப் பெயர் வரும் அளவுக்கு நாம் களிம்பு தடவியிருக்கிறோம் என்பதையும் மறுக்க இயலவில்லை. 2023இல் அமெரிக்காவில் முதன்முதலாக இரு நோயாளிகள் நியூயார்க்கில் அறிவிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர்.

எனக்குக் கொடுக்கப்பட்ட களிம்பின் குழாயை மருத்துவர் வாங்கிப் படித்துக் காட்டினார். அதில் பூஞ்சை மருந்து இருந்தது. பாக்டீரியா மருந்தும் இருந்தது. கூடவே குளோபெட்டசால் என்னும் வலிமை மிக்க ஸ்டீராய்டும் இருந்தது. அரிப்பும் சிவப்பும் நம் உடல் பூஞ்சையோடு போரிடுவதன் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போரை நிறுத்துகிறது. எனக்கு மூன்று நாளில் அடங்கியது நோய் அல்ல, என் காவலாளி. காவலாளி உறங்க, பூஞ்சை தங்குதடையின்றிப் படர்ந்தது. சேர்ந்திருந்த பூஞ்சை மருந்தோ, நான் மூன்று நாளில் நிறுத்திவிடுவதால், எளிதில் சாகும் செல்களைக் கொன்று, அடங்காதவற்றுக்கு இடத்தை ஒழித்துக் கொடுத்தது. நான்கு முறை நானே என் உடம்பில் அவற்றைப் பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறேன். பிறகு என் மகளுக்கும் கொடுத்திருக்கிறேன்.

2018இல் மத்திய அரசு, தோலில் பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, நம் அவசரமும் இருக்கிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆஸ்துமாவுக்கும், கொரோனாவில் மூச்சுத் திணறியவர்களுக்கும் அது உயிர் காத்தது. ஆனால் 2021ஐ நாம் மறக்கலாகாது. அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,000 பேருக்கு மேல் கறுப்புப் பூஞ்சை நோய் கண்டது. அவர்களில் மிகப் பலர் சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள். கண்ணையும் தாடையையும் இழந்தவர்கள் உண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவருக்கு எல்லாப் பூஞ்சைக்கும் வாசல் திறந்தே இருக்கிறது.

எனக்கு மருத்துவர் மாத்திரையை மாற்றினார். பல வாரங்கள் உட்கொண்டேன். தோல் தெளிந்த பிறகும் மேலும் சில வாரம் தொடரச் சொன்னார், அதுதான் கடினம். நோய் கண்ணுக்குத் தெரியாதபோது மருந்து உட்கொள்ள மனம் ஒப்புவதில்லை. வீட்டில் மூவரும் ஒரே நேரத்தில் எடுத்தோம். நான் எடுத்த இட்ராகோனசோல் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்; வயிற்றுப் புண்ணுக்கான அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்கினால் அது உடலில் சேராமல் போகும். எனக்கு அந்தப் பழக்கமும் இருந்தது. கேட்டிருக்காவிட்டால் அதுவும் பாதி மருந்தாகவே போயிருக்கும்.

மார்க்கம் தொடர்பாக என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். நோன்பு நேரத்தில் தோலின் மேல் களிம்பு பூசுவதால் நோன்பு முறியாது. மாத்திரை விழுங்கினால் முறியும். எனவே ரமளான் பிறந்தவுடன் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கு ஒரு வேளை மாத்திரையானால் மருத்துவரிடம் கேட்டு இஃப்தாருக்குப் பிறகோ ஸஹர் உணவோடோ மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் இயலாத நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களா செய்யும் சலுகை இருக்கிறது. மருந்தை விடுவதற்கு ரமளானைக் காரணமாக்காதீர்கள்.

உளூவில் கால் விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத். கழுவிய ஈரத்தோடு உடனே காலுறையும் ஷூவும் அணிந்து கடைக்கு ஓடுவது சுன்னத் அன்று. அந்த ஈர இடுக்கில்தான் சேற்றுப்புண் பிறக்கிறது. உளூ நீரைத் துடைக்காமல் விடுவது சிறந்தது என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் ஓதியிருக்கிறோம். தேவை இருப்பின் துடைப்பதில் குறையில்லை என்பதும் அவற்றிலேயே உண்டு. இது தேவைதான்.

ஆனால் அவரவர் துண்டால் துடையுங்கள். ஹவுள் அருகே கம்பியில் தொங்கும் பொதுத் துண்டைப் பற்றி நிர்வாகத்திடம் பேசிவிட்டேன். யாரோ நன்மையை நாடி வாங்கி வைத்தது. அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக. இந்த ஜும்ஆவிலிருந்து அது அங்கே இராது. வாசலில் வைத்திருக்கும் பொதுத் தொப்பிகளை வாரந்தோறும் துவைத்து வெயிலில் காய வைக்க ஏற்பாடாகியிருக்கிறது. நான் ஓதிய காலத்தில் விடுதியில் ஒரே கொடியில் நாற்பது பேரின் கைலியும் துண்டும் கிடக்கும். எது எவருடையது என்று பார்ப்பதில்லை. ஒருவருக்கு அரிப்பு வந்தால் ஒரு மாதத்தில் எல்லோருக்கும் வரும். அதை அப்போது ஓதுகிற பிள்ளைகளுக்கு வரும் வழக்கமான ஒன்று என்றே எண்ணினோம். நம் மக்தப் பிள்ளைகளுக்கு அவ்வாறு வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் அவருடைய துணிகளைத் தனியே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். ஆண்களுக்குப் பள்ளியின் வராண்டாவிலும், பெண்களுக்கு மத்ரஸா கட்டிடத்தில் பெண் மருத்துவரிடமும் பரிசோதனை நடைபெறும். சர்க்கரை அளவு பார்க்க நுழைவாயிலில் தனி மேசை போடப்பட்டிருக்கிறது. முதலில் அங்கே போங்கள். வீட்டில் பாதி தடவி வைத்திருக்கும் களிம்புக் குழாய்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். என்னுடைய நான்கு குழாய்களும் மேசைமேல் இருக்கின்றன. உங்களுடையதும் அதே களிம்புதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.